கிளப் வாசலில் உர்சுலா

நீச்சல் கிளப்பில் பிள்ளையைச் சேர்க்கும் குடும்பத்தார் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று யாராவது பேச்செடுத்தால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். பேசுகிறவர்கள் மேல் இல்லை. இன்றைக்குக் கேட்டால் சொல்ல ஆள் இருக்கிறது, உட்கார்ந்து பார்க்க நாற்காலி இருக்கிறது. ஜப்பான்காரன் காலத்தில் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் தாய்மார் கம்பிவேலிக்கு வெளியே நின்றார்கள். அவர்களுக்குச் சொல்ல ஒரு நாதி இல்லை. சொல்லத் தெரிந்த ஒரே ஆள் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டிருந்தார். அந்த வாயைத் திறக்கவைத்தவள் உர்சுலா பெரியம்மா.

பெரியம்மா என்றாலும் சொந்தம் கிடையாது. ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர், அவ்வளவுதான். இந்தப் பக்கம் என் அம்மா நல்லம்மாள் முருகன் படத்துக்கு விளக்கேற்றுகிற நேரத்தில் அந்தப் பக்கம் ஜெபமாலை சொல்வது கேட்கும். அம்மா அவளை அக்கா என்றாள், நானும் அண்ணன் அய்யாவும் பெரியம்மா என்றோம். செந்தூலில் பிறந்து, ஸ்டானிஸ்லாஸ் என்ற பட்டறை பிட்டரைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தவள். ஜப்பான்காரன் நுழைவதற்கு முன்னால் விழுந்த குண்டில் அவர் போய்விட்டார். ஒரே மகன் இருதயம் யார்டில் எஞ்சினுக்கு எண்ணெய் போடும் வேலைக்குச் சேர்ந்ததால் ரயில்வே கொடுத்த வீடு கையைவிட்டுப் போகவில்லை.

பெரியம்மாவுக்குக் கோபம் மூக்குக்கு மேலே நிற்கும். அரிசிக் கடையில் படிக்குள் கட்டைவிரலை விட்டு அளந்தவனை அவள் திட்டிய திட்டில் வரிசையே கைதட்டியது. பூசை பிந்தினால் சாமியாரையே நிறுத்திக் கேட்பாள். இருதயத்தையும் விட்டுவைத்ததில்லை. அம்பாங்கில் இருந்த சித்தப்பா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அவன் அங்கே ஈயம் தோண்டிவிட்டுப் போன பழைய குட்டைகளில் இறங்கிவிடுவான். ஆழம் தெரியாத குட்டை, அடியில் சேறு, விழுந்தவன் எழுந்ததில்லை என்று பேர். விளக்குமாறு தேயும் வரைக்கும் அடித்துப் பார்த்தாள். பிள்ளை தரையில் நடப்பதைவிட தண்ணீரில் நன்றாகப் போனான். பதினெட்டு வயதில் அவன் தோள் ரெண்டும் கதவு மாதிரி இருந்தது. கிழங்கு தின்று வளர்ந்த தோளா இது என்று அம்மா திருஷ்டி கழிப்பாள்.

நாற்பத்து மூன்றில் சயாமுக்கு ஆள் பிடிக்கத் தொடங்கினார்கள். முதலில் தோட்டத்து ஆட்கள். பிறகு ஆள் ஏற்றும் லோரி டவுனுக்குள்ளும் வந்தது. காட்டில் ரயில் பாதை போடுகிறார்கள், நல்ல சாப்பாடு, சீக்கிரம் திரும்பிவிடலாம் என்றார்கள். போனவர் யாரும் திரும்பி வரவில்லை. தினமும் ரயிலைப் பார்த்தே வாழ்ந்த எங்கள் ஜனங்கள் தண்டவாளத்தைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ள ஆரம்பித்தார்கள்.

அந்த நேரத்தில்தான் கிளப் வந்தது. ரயில்வேக்குப் பெரிய ஆபீசராக வந்த ஜப்பான்காரனுக்கு நீச்சல் பைத்தியம். எங்கள் குவார்ட்டர்ஸுக்கு மேலே மேட்டில் துரைமார் குளித்துக் கும்மாளம் போட்ட ஒரு குளம் பாசி பிடித்துக் கிடந்தது. அதைக் கழுவி நிரப்பச் சொன்னான். ரயில்வேக் குடும்பத்துப் பையன்களைச் சேர்த்து ஒரு அணி, பக்கத்து ஊரான கிள்ளான் அணியோடு போட்டி. செயலாளர் வேலை கன்னையாவுக்குக் கிடைத்தது. கன்னையா துரைமார் காலத்தில் அதே குளத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். எசமான் மாறினாலும் சலாம் மாறாத மனுஷன்.

அவர் வீடு வீடாக வந்து ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். "கிளப் பையனை சயாமுக்கு அனுப்ப மாட்டாங்க. ஆபீசரே சொல்லிட்டாரு."

கொஞ்சம் தள்ளிப் போய், குரலைத் தாழ்த்தி, "ஜெயிக்கிற வரைக்கும்" என்றார்.

வேறென்ன வேண்டும்? பெற்றவள் யார்தான் யோசிப்பாள்? மறுநாளே பெரியம்மா இருதயத்தைக் கூட்டிக்கொண்டு மேடேறினாள். நானும் பின்னாலேயே போனேன். கன்னையா கதவைப் பாதி திறந்து இருதயத்தை மட்டும் உள்ளே இழுத்துக்கொண்டார். குடும்பத்துக்காரர்கள் கம்பிவேலிக்கு அந்தப் பக்கம்தான் நிற்க வேண்டுமாம்.

"நிக்கிறேன். ஆனா எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் என்னென்ன பாத்துக்கணும், சொல்லுங்க. என்ன சாப்பாடு குடுக்கணும்? எப்பக் குடுக்கணும்?" என்று கேட்டாள் பெரியம்மா.

கேட்டாள். இதை நான் என் காதால் கேட்டேன். இதற்குச் சொன்ன பதிலைத்தான் பின்னால் அந்த மனுஷன் இல்லையென்று சாதித்தார்.

"சாப்பாட்டுல என்னம்மா இருக்கு? நல்லா வயிறு நிறையப் போட்டு அனுப்புங்க, தெம்பா இருக்கட்டும்லா. மத்ததை கிளப் பாத்துக்கும்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

பயிற்சி விடியற்காலையில். அந்த நேரத்தில் வயிற்றில் போட யார் வீட்டில் என்ன இருந்தது? பையன்கள் வெறும் வயிற்றோடு போனார்கள், நீந்திவிட்டு வந்து கிழங்கு தின்றார்கள், வேலைக்கு ஓடினார்கள். அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததால் யாருக்கும் ஒன்றும் தெரியவும் இல்லை. இருதயம் எல்லோரையும்விட முன்னால் நின்றான். ஆபீசர் ஒரு தடவை அவன் முதுகில் தட்டினானாம். அதைப் பெரியம்மா தெரு முழுக்கச் சொன்னாள். சொல்லும்போது சிரிப்பாள், கடைசியில் சிலுவை போட்டுக்கொள்வாள்.

போட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என்று தகவல் வந்தது. தோற்றவனுக்குக் கிளப்பில் இடம் இல்லை என்பதும் கூடவே வந்தது. இடம் இல்லை என்றால் எங்கே இடம் என்று எங்களுக்குத் தெரியும்.

அன்றிலிருந்து பெரியம்மா தன் பங்கு அரிசியைத் தொடவில்லை. ரேஷனில் வந்த அந்தக் கொஞ்சூண்டு அரிசியை ஒவ்வொரு பிடியாக ஒரு டின்னில் போட்டு மூடி, மாதா படத்துக்குக் கீழே வைத்தாள். அவள் தின்றதெல்லாம் கிழங்குதான், சில நாள் அதுவும் இல்லை. "அக்கா, மயக்கம் போட்டு விழுந்தா யாரு பாக்குறது?" என்று அம்மா சத்தம் போட்டாள். "அவன் ஜெயிக்கட்டும், அப்புறம் விழுறேன்" என்றாள்.

ஞாயிறு விடிந்ததும் தாயும் மகனும் முதல் பூசைக்குப் போனார்கள். பூசையில் சாமியார் தரும் நன்மை அப்பம் வாங்க வேண்டுமென்றால் நடுச்சாமத்திலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது, அது அவர்கள் சட்டம். முதல் நாள் சாயங்காலத்துக்கு அப்புறம் பிள்ளை ஒன்றும் தொடவில்லை. பூசை முடிந்து வந்ததும் பெரியம்மா அடுப்பை மூட்டினாள். அந்தச் சோறு கொதித்த வாசம் சுவரைத் தாண்டி எங்கள் வீட்டுக்கு வந்தது. வெள்ளைச் சோறு, கருவாட்டுக் குழம்பு. அத்தனை நாள் சேர்த்த அரிசியையும் ஒரே தட்டில் கொட்டி, பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம், அம்மா கையால ஒரு வாய்" என்று ஊட்டினாள். அவன் போதும் போதும் என்றான். விடவில்லை. கடைசிப் பருக்கை வரைக்கும் உள்ளே போனது. கையைக் கழுவிய ஈரத்தோடு மேட்டுக்கு ஓடினான்.

இதில் அவள் செய்த தப்பு என்ன? வெறும் வயிற்றோடு பிள்ளையை எங்கேயும் அனுப்பக் கூடாது என்றுதான் நம் வீட்டில் சொல்வார்கள். சோறுதான் தெம்பு என்பார்கள். கிளப் செயலாளரும் அதையேதான் சொன்னார். அவள் கும்பிட்ட சாமியும் அவளைப் பெற்றவளும் கன்னையாவும் சொன்னபடி நடந்தாள்.

நாங்கள் எல்லோரும் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். உள்ளே ஆபீசர் நாற்காலியில், அவனுக்குக் குடை பிடிக்க ஒருவன், பக்கத்தில் கன்னையா இஸ்திரி போட்ட சட்டையில். விசில் ஊதினார்கள். இருதயம் பாய்ந்தான். அந்தக் கரைக்குப் போய்த் திரும்பும்போது கிள்ளான் பையன்கள் அவனுக்கு எவ்வளவோ பின்னால். "என் ராசா!" என்று பெரியம்மா வேலியை ஆட்டினாள். இரண்டாவது தடவை திரும்பும்போது அவன் கை ஒரு மாதிரி நின்றது. உடம்பு இரண்டாக மடிந்தது. தலை உள்ளே போனது, வந்தது, போனது.

பையன்கள் இரண்டு பேர் குதித்து இழுத்துப் போட்டார்கள். சிமெண்டுத் தரையில் குப்புறப் போட்டு முதுகை அமுக்கினார்கள். உயிர் இருந்தது. ஆனால் தின்றதெல்லாம் வெளியே வந்தது. வெள்ளை வெளேரென்று சோறு. ஊரே கிழங்கைத் தவிர வேறு காணாத காலத்தில், எல்லோருடைய கண்ணுக்கும் முன்னால், ஒரு தாய் வயிற்றைக் கட்டிச் சேர்த்த சோறு தரையில் கிடந்தது. பெரியம்மாவின் வாய் ஓய்ந்துபோனதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஆபீசர் எழுந்து போய்விட்டான். கன்னையா விறுவிறுவென்று கதவுக்கு வந்தார்.

"என்ன பொம்பளை நீ? நீந்தப் போற பிள்ளைக்கு எவளாச்சும் தொண்டை வரைக்கும் சோத்தை அடைச்சு அனுப்புவாளா? வயித்தைப் பிடிச்சு இழுக்காதா? என் மானமே போச்சு!"

"நீங்கதானே வயிறு நிறையப் போட்டு அனுப்பச் சொன்னீங்க?"

"நானா? நான் ஏன் சொல்றேன்? இது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்."

அப்போதுதான் பெரியம்மாவுக்குப் பழைய வாய் திரும்ப வந்தது. "எந்த எல்லாருக்கும்? இந்தக் குளத்துல நம்ம சனம் இதுக்கு முந்தி எறங்கினது பாசி தேய்க்கத்தான். துரைச்சிக்குத் தெரியும், துரைச்சி பிள்ளைக்குத் தெரியும். எனக்கு யாருய்யா சொன்னா? கேட்டேனே, வாய் தெறந்து கேட்டேனே!"

கதவு சாத்தப்பட்டது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே சாமியும் எழுந்து போய்விட்டது, பூசாரி பூட்டுப் போட்டுக்கொண்டார்.

இருதயத்தின் பெயரை அன்றைக்கே எடுத்துவிட்டார்கள். இன்னும் ஒரே ஒரு போட்டி, ஒரு வாய்ப்பு என்று பெரியம்மா யார் யார் காலிலோ விழுந்தாள். அந்தக் கோபக்காரி கும்பிட்டு நின்றாள். அந்த வாரமே லோரி வந்தது. இருதயம் சட்டையைப் போட்டுக்கொண்டு, என் அம்மாவிடம், "சின்னம்மா, அம்மாவைச் சாப்பிட வைங்க" என்று சொல்லிவிட்டு ஏறினான். லோரி ஸ்டேஷனில் கொண்டுபோய் விட, அவன் ஏறிய ரயில் எங்கள் குவார்ட்டர்ஸைத் தாண்டித்தான் போனது. பெரியம்மா பின்வாசலில் நின்று பார்த்தாள்.

அன்று சாயங்காலம் அவள் நேரே கன்னையா வீட்டுக்குப் போனாள். அழப் போகிறாள் என்று பயந்து அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு பின்னால் ஓடினாள். அவள் அழவில்லை. வாசற்படியில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள்.

"எல்லாருக்கும் தெரிஞ்சதுன்னீங்களே, அதைப் பூராவும் சொல்லுங்க. சொல்லி முடிக்கிற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன்."

"உன் மகன்தான் போயிட்டானே. இனி உனக்கு எதுக்கு?"

"அது என் பாடு. சொல்லுங்க."

தெருவே வேடிக்கை பார்க்க வந்துவிட்டது. கன்னையாவின் பெண்டாட்டியே, "சொல்லித் தொலைங்களேன்" என்றாள். அப்புறம்தான் அவர் வாய் திறந்தார். சாப்பிட்டால் நெடுநேரம் தண்ணீரில் இறங்கக் கூடாது, காலையில் நீராகாரம் போதும், நீந்தி முடித்துத்தான் சோறு. காதில் சீழ் வந்தால் இறக்கக் கூடாது. உடம்பு நடுங்கினால் உடனே ஏற்ற வேண்டும். காய்ச்சல்காரப் பிள்ளையை அனுப்பக் கூடாது. ஒவ்வொன்றாகச் சொன்னார், மளமளவென்று, பாடம் ஒப்பிக்கிற மாதிரி.

"இவ்வளவு எப்படித் தெரியும்?"

"துரைமார் காலத்துல குளத்தங்கரையில ஒரு போர்டு இருந்துச்சு. குடும்பத்துக்காரங்களுக்கு. நான்தான் டைப் அடிச்சுக் குடுத்தேன்."

"அந்தப் போர்டு எங்க?"

"கழட்டியாச்சு. இங்கிலீஷ் போர்டை வெச்சிருந்தா ஜப்பான்காரன் சும்மா விடுவானா? அடுப்புக்குப் போயிருச்சு."

பெரியம்மா எழுந்தாள். "போர்டு எரிஞ்சா நாக்குமா எரிஞ்சுபோச்சு?" என்று கேட்டாள். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்துவிட்டாள்.

இருதயத்தின் இடத்துக்கு ஆள் வேண்டும் என்று கூப்பிட்டு அனுப்பினார்கள். என் அண்ணன் அய்யாவுக்குத்தான் வந்தது. வேண்டாம் என்று சொல்ல எங்களுக்குத் தைரியம் இல்லை. வேண்டாம் என்றால் அடுத்த லோரி. அம்மா தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, பின்பக்கத்து வழியாக, பெரியம்மா கண்ணில் படாமல் அண்ணனைக் கூட்டிப் போனாள். மேட்டில் கதவுக்கு முன்னால் பெரியம்மா நின்றுகொண்டிருந்தாள்.

அம்மா அப்படியே நின்றுவிட்டாள். அடிக்கப் போகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். அடித்திருந்தாலும் நியாயம்தான்.

"ஏண்டி நல்லம்மா, ஒளிஞ்சு ஒளிஞ்சு வர? நீ என்ன திருடிட்டா வர? நிமிந்து பாரு" என்று கத்தினாள். "இவனுக்குக் காலையில என்ன குடுத்த?"

"நேத்து மிஞ்சின கிழங்கு, அக்கா."

"குடுக்காத. நீராகாரம் மட்டும் குடு. நீந்திட்டு வந்தப்புறம் என்ன வேணா கொட்டு. பண்டிகையா இருந்தாலும் சரி, சாமியே எறங்கி வந்து சொன்னாலும் சரி, நீந்துறதுக்கு முந்தி சோறு போடாத. காதைப் பாரு, தினமும் பாரு. வெறைச்சுப் போனா ஏறச் சொல்லு. வெளங்குதா? திருப்பிச் சொல்லு."

அம்மா திருப்பிச் சொன்னாள். சொல்லச் சொல்ல அழுதாள்.

"அழுறதை வீட்டுல வெச்சுக்க" என்றாள் பெரியம்மா.

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று ஒரு பழமொழி இருக்கிறது. எனக்கு அந்தப் பழமொழியைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். ஊரார் பிள்ளைகள் எல்லாம் வளர்ந்தார்கள். அய்யாவு கிள்ளான்காரர்களை ஜெயித்தான், ஜெயித்துக்கொண்டே இருந்தான். அவள் பிள்ளை என்ன ஆனான்?

பெரியம்மா அந்த வாசலை விடவில்லை. புதிதாகப் பிள்ளையைக் கூட்டிவரும் ஒவ்வொரு தாயையும் மறித்தாள். செந்தூலிலிருந்து வந்தவர்கள், மாரியாயி என்ற கைம்பெண், எல்லோரும் அவளிடம் பாடம் ஒப்பித்த பிறகுதான் கதவைத் தட்டினார்கள். கன்னையா விரட்டினார். "ரோடு உங்கப்பன் ஊட்டுச் சொத்தாய்யா?" என்று திருப்பிக் கேட்டாள். அவர் சிப்பாயைக் கூப்பிடுவேன் என்றார். "கூப்பிடு. அவன்கிட்டயும் சொல்றேன், காலையில சோறு திங்காதடான்னு" என்றாள். பைத்தியம் என்று பட்டம் கட்டினார்கள். அந்தப் பைத்தியம் நின்ற காலத்தில் ஒரு பிள்ளையும் தண்ணீரில் மடங்கவில்லை.

ஜப்பான்காரன் தோற்றான். சயாமிலிருந்து எலும்பும் தோலுமாகச் சிலர் வந்தார்கள். அதில் ஒருவர் எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசைக்கு வந்து, இருதயம் போன வருஷமே வாந்திபேதியில் போய்விட்டதாகச் சொன்னார். ஆற்றைத் தாண்ட முடியாமல் நின்ற ஆட்களைத் தூக்கி அக்கரை சேர்த்தானாம், நீச்சல் தெரிந்தவன் என்று. பெரியம்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "கடைசியில சாப்பிட ஏதாச்சும் குடுத்தாங்களா?" என்று கேட்டாள்.

துரைமார் திரும்பி வந்தார்கள். கிளப்பை மறுபடி திறந்தார்கள், இந்தத் தடவை எல்லா இனத்துக்கும் என்று. செயலாளர் யார்? அதே கன்னையா! அதே இஸ்திரிச் சட்டை, கூட ஒரு டை. கதவுக்குப் பக்கத்துச் சுவரில் பெரிய பலகை ஒன்றை மாட்டினார். 'பிள்ளைகளைச் சேர்க்கும் குடும்பத்தார் கவனத்துக்கு' என்று தலைப்பு. முதல் வரி, நீந்துவதற்கு முன் வயிறு நிறைய உணவு கொடுக்கக் கூடாது. அடுத்தது காது, அடுத்தது குளிர், அடுத்தது காய்ச்சல். பெரியம்மா வாசலில் நின்று கத்தியதெல்லாம் வரிசையாக இருந்தது. அடியில் 'உத்தரவுப்படி, கன்னையா, செயலாளர்' என்று போட்டிருந்தது.

பெரியம்மா கான்வென்டில் கொஞ்சம் படித்தவள். பலகையை நிதானமாக வாசித்தாள். வீட்டுக்குப் போய் அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்து வந்தாள். கன்னையா என்ற பெயரைக் கரியால் அடித்துவிட்டு, முதல் வரிக்குப் பக்கத்தில் 'இருதயம்' என்று எழுதினாள். கைக்குச் சரியாக எட்டாததால் எழுத்து கோணலாகவும் மங்கலாகவும் வந்தது.

கன்னையா உள்ளேயிருந்து ஓடி வந்து பார்த்துவிட்டுக் குதித்தார். அன்றைக்குப் பயிற்சிக்கு வந்திருந்த என் அண்ணன் கையில் ஒரு வாளித் தண்ணீரும் துணியும் கொடுத்து, "போய் அதை அழிடா" என்றார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அய்யாவு வாளித் தண்ணீரை வடிகாலில் கொட்டினான். வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஏறினான். பெரியம்மாவிடம் கையை நீட்டிக் கரியை வாங்கி, அவள் எழுதிய பெயரின் மேலேயே அழுத்தி அழுத்தி, தூரத்திலிருந்து தெரிகிற மாதிரி எழுதினான். கன்னையா போட்ட சத்தம் அவன் காதில் ஏறவே இல்லை.

அந்த நேரம் பார்த்து யாரோ ஒரு தாய் பையனைக் கையில் பிடித்துக்கொண்டு மேடேறி வந்தாள். பெரியம்மா வழக்கம்போல மறித்தாள்.

"முதல்ல அந்தப் போர்டை வாசிம்மா" என்றாள். "பேரையும் சேத்து வாசி."